மூணாவது கை

உட்காருங்க சார், நின்னுக்கிட்டே எழுதினா எழுத்து கோணிக்கும். இசக்கி மாடி ரூம்லதான் இருக்கான். ஒத்தக் கையால சட்டை மாட்டணுமில்ல, நேரமாகும். நானா? ஹவுஸ் ஓனர். அவனோட லைன் சூப்பர்வைசர் திருநாவுக்கரசுக்குப் பொண்டாட்டி. ரெண்டும் நான்தான். அவர் ஃபர்ஸ்ட் ஷிப்டு போயிருக்கார்.

பேப்பரை ஏன் சார் மூடுறீங்க? தலைகீழா வச்சாலும் எனக்குப் படிக்க வரும், கான்வென்ட்ல சிஸ்டருங்க முட்டியில தட்டிச் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ். தொழிலாளியோட கவனக்குறைவுன்னு டைப் அடிச்சே கொண்டாந்துட்டீங்க. யார் அடிச்சது, கம்பெனியா? ம். நீங்க ஃபேக்டரி இன்ஸ்பெக்டர், கவர்ன்மெண்ட் ஆளுன்னு நெனச்சேன். இசக்கி கையெழுத்து போட்டா தப்பு அவனோடது, வேலையும் போச்சு, அதானே? வலது கைல ரெண்டு விரல் போனவன் எப்படி சார் பேனா பிடிப்பான்? கட்டைவிரல்... ஆமா, அது இருக்கு. அதையும் பார்த்து வச்சிருக்கீங்க.

ஐயோ, தண்ணியெல்லாம் வேணாம் சார். என் கை இப்படித்தான் வெடுக்குனு இழுத்துக்குது, பதினெட்டு நாளா. அவனுக்குக் கட்டு மாத்துறது நான்தான். பஞ்சு ஒட்டிக்கிட்டு வரும்போது அவன் பல்லைக் கடிப்பான், எனக்கு இங்க, இதே ரெண்டு விரல், சுரீர்ங்கும். அவன் சிரிக்கிறான் சார். எனக்குத்தானக்கா வெட்டு, நீங்க எதுக்கு மூஞ்சியச் சுளிக்கியன்னு. திருநெல்வேலிப் பக்கத்து வாய்.

குன்றத்தூர்ல நரம்பு டாக்டர்கிட்ட காட்டினேன். கையில ஒண்ணுமில்ல, மூளைங்கிறார். நமக்கே வலிச்சா மூளையில எந்த இடம் முழிச்சுக்குமோ, அடுத்தவங்க வலியப் பார்த்தாலும் அதுல கொஞ்சம் முழிச்சுக்குமாம். வெளிநாட்டுல இப்பத்தான் படம் பிடிச்சுப் பார்த்திருக்காங்களாம். அப்ப என் வீட்டுக்காரருக்கு ஏன் முழிக்கலன்னு கேட்டேன். நான் கட்டைப் பிரிச்சுக்கிட்டிருக்கேன், வாசப்படியில நின்னுக்கிட்டு ரசத்துல உப்பு பத்தலங்கிறார். பார்த்துப் பார்த்துப் பழகினா அது அடங்கிடும்மான்னார் டாக்டர். எத்தனை விரல் பார்த்தா அடங்கும்னு கேட்டேன். மணியடிச்சு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார்.

சரி, நீங்க சொல்லுங்க. தகடு வெட்டுற பிரஸ் மிஷினைப் பார்த்தீங்கல்ல? பட்டன் எத்தனை? ரெண்டு. ரெண்டு கையாலயும் சேர்த்து அமுக்கினாத்தான் அச்சு இறங்கும். கை உள்ள மாட்டக் கூடாதுன்னுதானே அப்படிச் செஞ்சிருக்கான்? அப்ப ரெண்டு கையும் பட்டன்ல இருக்கறப்ப உள்ள போனது எது சார், மூணாவது கையா? அப்படியே எழுதுங்களேன்.

ஒரு பட்டன்ல ஆப்பு சொருகிட்டா அது அமுங்கினபடியே நிக்கும். இன்னொரு கை சும்மா இருக்கும், தகட்டைத் தள்ளும். மணிக்கு நாப்பது பீஸ் கூட வரும், டார்கெட் தாண்டும். இசக்கி வச்சானாவா? சொல்ற வேலையைச் செய்யறவன் சார் அவன்.

இருங்க. அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னாடி வச்சேன்... இந்தாங்க. இதான் அந்த ஆப்பு, எங்க பூரிக்கட்டையோட பிடி. நுனியில சிவப்புச் சாயம் இருக்கு பாருங்க. போன தீபாவளிக்கு உடைஞ்சது. இசக்கிக்கு அடிபட்ட அன்னிக்கு சாயந்தரம் என் வீட்டுக்காரர் ரத்தச் சட்டையோட வந்து, பாக்கெட்லேருந்து இதை எடுத்து, அடுப்புல போட்டுடுன்னார். எங்க வீட்ல கேஸ் அடுப்பு சார். அதுகூட ஞாபகமில்ல மனுஷனுக்கு.

அவர் வேலை போகும், தெரியும். பொண்ணு கவியா பத்தாவது படிக்கிறா, அதுவும் தெரியும். பிடிங்க, நான் மனசு மாறறதுக்குள்ள.

என்ன தடவிப் பார்க்கறீங்க? ஓரம் வழவழன்னுதான் இருக்கும். நான் சீவினது. எதுக்குன்னு சொல்லித்தான் கேட்டார். இன்னும் கொஞ்சம் மெலிசான்னார், மெலிசாக்கினேன். இதே சமையல் மேடையில, காய் நறுக்குற கத்தியால. அப்ப இந்தக் கை ஒரு தடவைகூட இழுத்துக்கல. என் பேரையும் சேர்த்து எழுதிக்குங்க, பங்கஜம்.

இசக்கி, மெதுவா இறங்குப்பா. மேல் பட்டன் போடலன்னா பரவாயில்ல, வா. சார் வேற பேப்பர் எழுதறார்.