வெங்காயக் கண்ணும் கப்பல் ஆபீஸ் கண்ணாடியும்

கிரீஸ் நாடு, பத்ராஸ் துறைமுகக் காவல் நிலையம், அக்டோபர் 1911.

என் பெயர் பனோரியா. வயது இருபத்தொன்பது. கணவர் லூக்காஸ் அமெரிக்காவில் தண்டவாள வேலை செய்கிறார். மகள் லெனியோவுடனும் மாமியார் கலியோப்பியுடனும் மலைமேல் கெராசியா கிராமத்தில் குடியிருந்து வருகிறேன். எழுதப் படிக்கத் தெரியாது; நான் சொல்லச் சொல்ல ஐயா எழுதிக்கொள்கிறீர்கள்.

என்மேல் புகார் கொடுத்த கப்பல் ஆபீஸ் எனக்குப் புதிய இடமல்ல. என் சிறுவயதில் அது உலர்திராட்சைக் கிடங்கு. அப்பா கழுதையில் மூட்டை கொண்டுவந்து பின்வாசலில் நிற்பார். தரகர் ஒரு கை அள்ளிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவார். திராட்சை விலை விழுந்து ஊரே கப்பலேறத் தொடங்கிய பிறகு ஒரு கம்பெனி அதை வாங்கி, கடலைப் பார்த்த பக்கம் கண்ணாடிக் கதவு போட்டது. அது முதல் வகுப்பாருக்கு. எங்களுக்கு அதே பின்வாசல். என் கணவரும் அந்த வழியாகத்தான் போனார். பல வருடம் கழித்து இப்போதுதான் எனக்கும் மகளுக்கும் டிக்கெட் அனுப்பினார்.

அமெரிக்கா போகிறவர் திரும்புவதில்லை என்பதால், புறப்படும் முந்தின நாள் வீட்டில் இழவு விழுந்தது போல் ஒப்பாரி வைப்பது எங்கள் ஊர் வழக்கம். போகிறவரும் கூட உட்கார்ந்து அழவேண்டும். அன்று எனக்கு அழுகை வரவில்லை. புருஷனிடம் போகிற சந்தோஷம், வேறொன்றுமில்லை. மாமியார் எல்லோர் முன்னாலும், "பாத்தீங்களாடி, ஒரு சொட்டு விடுறாளா? எம்மவன் கல்லக் கட்டிக்கிட்டான்" என்றார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதன்பின் அடுப்படிக்குப் போய் வெங்காயத்தை நறுக்கி இரண்டு கண்ணிலும் தேய்த்துக்கொண்டு வந்து, மாமியாரே போதும் என்னும்வரை அழுதேன்.

மறுநாள் கீழே இறங்கிப் பின்வாசல் வரிசையில் நின்றோம். கம்பெனி வைத்தியர் ஒவ்வொருவர் இமையையும் புரட்டிப் பார்த்தார். எங்கள் ஊர் மருசோ முந்தின நாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதவள். அவள் கண் தெளிந்திருந்தது, உள்ளே விட்டார். மகளையும் விட்டார். என் கண்ணைப் பார்த்ததும் தொற்றுநோய் என்று தோளில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். அந்த நோயோடு போனால் அமெரிக்கக் கரையில் இறக்கமாட்டார்களாம், கம்பெனி தன் செலவில் திருப்பிக் கொண்டுவர வேண்டுமாம். வெங்காயத்தால் வந்தது என்றேன். வரிசையே சிரித்தது. வைத்தியர், "வெங்காயம், பொகை, தூசி, தெனம் ஒரு கதை. கண்ணு ஆறினா அடுத்த கப்பலுக்கு வா" என்றார்.

அதன்பின் குமாஸ்தா அரிஸ்தீதிஸ் என்பவர், "புள்ளைய மட்டும் அந்தப் பொண்ணுகூட அனுப்பிடும்மா, டிக்கெட் ஏன் வீணாவணும்?" என்றார். நான் மகளின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டேன். கப்பல் சாயங்காலம்தான் கிளம்பும், அதற்குள் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். வைத்தியர் முன்பக்கம் போய்விட்டார் என்றார்கள்.

அதன்பின் கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனேன். காவலாள் விடவில்லை. கண்ணாடி வழியே பார்த்தேன். உள்ளே தொப்பி வைத்த ஒரு அம்மாள் வழியனுப்ப வந்தவளைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அவர் கண் என் கண்ணைவிடச் சிவந்திருந்தது. அதே வைத்தியர் அவர் இமையைப் புரட்டவில்லை. நாற்காலி இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. கணவர் கேட்டிருந்த காப்பிக்கொட்டை அரைக்கும் பித்தளைக் கருவி கையில் இருந்தது, அதை வீசினேன். கதவுக் கண்ணாடி முழுவதும் உடைந்து விழுந்தது. யார்மேலும் படவில்லை. யாரும் தூண்டிவிடவில்லை.

என்னை இங்கே கொண்டுவந்து அடைத்த பிறகு கப்பல் ஊதுகிற சத்தம் கேட்டது. மகள் அழுதாள். நான் அழவில்லை. கண் மறுபடி கெட்டுவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இன்று என் கண் வெளுத்துத் தெளிவாக இருப்பதை ஐயா விளக்கைப் பிடித்துப் பார்த்தீர்கள். அதையும் இதில் எழுதவேண்டும்.

இன்னும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என்னை விடும்போது, அடுத்த கப்பல் ஏறும்வரை ஊருக்குச் சொல்லி அனுப்பாதீர்கள். தெரிந்தால் மாமியார் ஒப்பாரி வைக்க ஆள் கூட்டிக்கொண்டு இறங்கி வந்துவிடுவார்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நடந்ததற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பனோரியா, இடது பெருவிரல் ரேகை.