பெட்டியை மூடியவன்

காலை ஆறேகாலுக்கு நெல்சன் பட்டறைக்கு டீ வாங்கி வருவான். எனக்குச் சர்க்கரை போடாதது. பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளும் அவன் மறந்ததில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார்.

காரைக்குடியில் பழைய ஜீப் வேலைக்கு எங்கள் பட்டறைக்குத்தான் வருவார்கள். இருவரும் சேர்ந்து போட்டது. பலகையில் முத்துக்கண்ணன், நெல்சன் என்று இரண்டு பெயரும் இருக்கும். ஆறு வயது மூத்தவன் என்பதால் என் பெயர் முதலில். எனக்குக் குடும்பம் இல்லை. பட்டறையின் பின்னறையில்தான் படுக்கை.

கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டை ஹோட்டலாக்கியவர்கள் அறுபத்தெட்டாம் வருஷத்து ஜீப் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். டிரான்ஸ்பர் கேஸ் போயிருந்தது. கியர் பாக்ஸின் முதுகில் ஒட்டியிருக்கும் இரும்புப் பெட்டி அது. இஞ்சினின் இழுப்பை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும். நான் பிரித்தேன். பல்சக்கரம், பேரிங், வாஷர் எல்லாம் புதிது.

மூன்றாம் நாள் ஹோட்டல் மேனேஜர் வெங்கட்ராமன் வந்தார். நெல்சன் வெளியே போயிருந்தான்.

"அடுத்த மாசத்துலருந்து எங்க வண்டியெல்லாம் நெல்சன் பொறுப்பு. இந்த இடத்தையும் நாங்களே எடுத்துக்கிறோம். நீங்க ஓய்வெடுக்கப் போறீகளாமே, அவருதான் சொன்னாரு."

நான் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை.

மறுநாள் நெல்சன் டீயோடு வந்தான். சொல்லுவான் என்று காத்திருந்தேன். ஒன்பது நாள் காத்திருந்தேன். பத்தாம் நாள் பெட்டியை மூடினேன்.

அந்தப் பெட்டியின் லீவரைப் போட்ட இடத்திலேயே பிடித்து வைக்க உள்ளே இரண்டு எஃகுக் குண்டும் ஒரு ஸ்பிரிங்கும் உண்டு. அவற்றை வைக்கவில்லை. ஹேண்ட் பிரேக் அந்தப் பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது. நடுவில் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலைப் பழையதாகவே விட்டேன். நான் எதையும் உடைக்கவில்லை. சமதரையில் ஒன்றும் தெரியாது. மலை இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் லீவர் தானாக நியூட்ரலுக்கு விழும். பிறகு இஞ்சின் வண்டியைப் பிடிக்காது. ஹேண்ட் பிரேக்கில் ஆயில் இறங்கியிருக்கும். கால் பிரேக் அத்தனை வளைவுக்குத் தாங்காது.

எங்களிடம் ஒரு வழக்கம். பெட்டி வேலை பார்த்த வண்டியைச் சிறுமலையில் ஏற்றி இறக்கிப் பார்ப்போம். பெட்டியை மூடியவன் ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒருவன் மூடியதை மற்றவன் திறந்து பார்ப்பதில்லை. மூடியவன் உட்காருவதே போதும்.

அன்று காலை முழங்கால் வலி என்றேன்.

"மலைன்னதும் முழங்காலுக்கு நெஞ்சு வலி வந்துருச்சாக்கும்" என்று நெல்சன் சிரித்தான்.

வழக்கப்படி அவன் அன்றைய ஓட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அந்தத் தவறு அவனுடையது. பக்கத்து சீட்டு காலியாகப் போகக்கூடாது என்று மகளைக் கூப்பிட்டான். ஆன் மேரி. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாள்.

"சிறுமலைப் பழம் வாங்கியாரேன் பெரியப்பா. மெல்லப் பல்லு இருக்குல்ல?"

ஜீப்பின் படி உயரம். கை கொடுத்து ஏற்றிவிட்டேன். அவள் காலுக்கு இடைஞ்சலாக இருந்த டூல் பாக்ஸைப் பின்னால் நகர்த்தி வைத்தேன்.

இறங்கும்போது நான்காவது வளைவில் வண்டி விழுந்தது. ஆன் மேரி அங்கேயே போய்விட்டாள். நெல்சனுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. அவன் மனைவி ஆரோக்கிய ஷீலா எனக்கு ஸ்டூலைக் கொடுத்துவிட்டு வெளியே போனாள். நெல்சன் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஹோட்டல் விஷயத்தை இப்போதாவது சொல்லுவான் என்று நினைத்தேன்.

"இறக்கத்துல லீவர் விழுந்துருச்சுண்ணே. நீங்க மூடின பெட்டி, அதுல குத்தம் இருக்காது. நான்தான் அழுத்திப் போடாம விட்டுட்டேனா? எம் பிள்ளைய நானே கொன்னுட்டேனாண்ணே?"