கக்கத்துல வந்த தங்கச்சி

– என்னால முடியாது வைதேகி. பாப்பா மொத்தமே ஆயிரத்து நூறு கிராம். நம்ம வீட்டு உப்பு ஜாடி இவளைவிட கனம். கையில எப்படி வாங்கறது?

– கையில யாரு வாங்கச் சொன்னா? சட்டையைக் கழட்டிட்டு நாற்காலியில சாஞ்சுக்கோ. நர்ஸ் லூக்காஸ் நெஞ்சுல வெச்சு விடுவாரு.

– நீ வந்து வாங்கிக்கோயேன்.

– முப்பத்தொன்பது டிகிரி காய்ச்சல்னு என்னை வார்டு வாசல்லயே மறிச்சுட்டாங்க. இந்த டிரெஸ்டன் ஊரு முழுக்க டிராம் ஓடுது, நாலு ஸ்டாப் தள்ளியிருக்கிற எம் பொண்ணுகிட்ட வர முடியலை. நாலு நாளா அவளை யாரும் அணைச்சுக்கலை அரவிந்த். குறைமாசப் பிள்ளைக்கு இன்குபேட்டர் பெட்டிச் சூடு மட்டும் போதாதுன்னு டாக்டரே சொல்றாங்க.

– சர்வர் ரூம்னா கண்ணை மூடிட்டு வயரைப் பிடுங்குவேன். இவ மேல அஞ்சு வயரு ஓடுது. பயமா இருக்குப்பா.

– சரி, பயப்படு. கூடவே ஒரு கதை கேளு. எரிமலைக் கல்லு எடுக்க ஹவாய் போனேன்ல, அங்க கேட்டது.

– பெலேதானே? உன் ஆராய்ச்சி ஊத்திக்கிட்டப்பல்லாம் அவ பேரைத்தான் சொல்லுவே.

– அவளேதான். எரிமலைச் சாமி. அவ அக்கா கடல். ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. அக்கா துரத்தினதுல ஊரைவிட்டுப் படகுல கிளம்பினா. கடைசித் தங்கச்சி அப்போ வெறும் முட்டை. பெலே அதைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டா.

– கக்கத்துலயா?

– ஆமா. கூடையில வெச்சா சூடு போயிடுமே.

– இரு, லூக்காஸ் ஏதோ கேக்கறாரு... ம். நீ சொல்லு. நிறுத்தாதே.

– ஒரு தீவுல இறங்கி நெருப்புக்குக் குழி தோண்டினா. அக்கா அலையா வந்து அணைச்சுட்டா. அடுத்த தீவுலயும் தண்ணி. அதுக்கடுத்ததுலயும் அப்படித்தான். லேப்ல ஒவ்வொண்ணா புட்டுக்கிட்டப்ப நான் இதைத்தான் நினைச்சுப்பேன். கையெல்லாம் மண்ணு, கக்கத்துல முட்டை. கீழே வைக்கவே இல்லை அவ. கேக்கறியா?

– ம்.

– கடைசித் தீவுலதான் நெருப்பு நின்னுச்சு. முட்டையும் பொரிஞ்சுது. அந்தப் பொண்ணு வளர்ந்து, எரிஞ்ச பாறை மேலயே காடு வளர்த்தா, ஆடினா. பெலே தொட்டா எல்லாம் பொசுங்கும் அரவிந்த். அவளே ஒரு முட்டையைப் பத்திரமா சுமந்திருக்கா. உனக்கென்ன?

– ம்.

– சும்மா ம் கொட்டாதே. லூக்காஸைக் கூப்பிடு.

– அவரு அப்பவே போயிட்டாரு. பெலே படகுல வந்துட்டிருக்கும்போதே இவளை என் நெஞ்சுல வெச்சுட்டாரு. போன் இவ காதுகிட்ட இருக்கு. இவ்வளவு நேரமும் நீ கதை சொன்னது உன் பொண்ணுக்கு.