ஞானேந்திரன் மாமாவின் முழங்கால்

பிசுபிசுக்கும் களிம்பு யாருக்கும் பிடிக்காது. உடுப்பில் ஒட்டும், மணக்கும், தேய்த்துத் தேய்த்தும் தோலின் மேலேயே கிடக்கும். நான் செய்தது அப்படிக் கிடக்கவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

சென்-லோரனில் ஒரு சிறிய மருந்து ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். மூட்டுவீக்கத்துக்கான மருந்தைத் தோல் வழியாக உள்ளே இறக்குவதுதான் வேலை. சாதாரணக் களிம்பில் மருந்தின் பெரும்பகுதி வீணாகிவிடும். நான் சேர்த்த திரவம் தோலின் மேற்படையைச் சற்றுத் தளர்த்தியது. பன்றித்தோலில் பார்த்தபோது மருந்து பல மடங்கு இறங்கியது. மனிதரில் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. அவ்வளவு மருந்து இரத்தத்தில் கலந்தால் சிறுநீரகம் தாங்காது என்று திட்டத்தை மூடிவிட்டார்கள். மிஞ்சிய களிம்புப் போத்தல்களை ரொக்ஸ்பரோவுக்கு, வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வீட்டில் என் கணவர் டனிஸ்ரனின் தகப்பன், ஞானேந்திரன் மாமா இருந்தார். முழங்கால்கள் வீங்கி, கழிப்பறைக்குப் போகவும் ஒருவர் பிடிக்க வேண்டும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுது. வலிக்குளிசை கூடாதென்று வைத்தியர் மறித்திருந்தார். டனிஸ்ரன் வேலைக்குப் போனபின் அவர் முனகுவது எனக்குத்தான் கேட்கும். சும்மா கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

பூசத் தொடங்கிய வாரமே எழுந்து நடந்தார். ஜான்-டலோன் சந்தைக்குக் கூட்டிப்போனேன். தக்காளியைத் தானே அழுத்திப் பார்த்து எடுத்தார். பிறகு பாதம் வீங்கியது. முகம் ஊதியது. சிறுநீர் குறைந்தது. ஏனென்று எனக்குத் தெரியும். ஆனால் முழங்கால் வீக்கம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

கிளினிக்கில் நான்தான் மொழிபெயர்த்தேன். மாமாவுக்குப் பிரெஞ்சு தெரியாது.

“வலிக்கு ஏதும் பாவிக்கிறியளோ எண்டு கேக்கிறா, மாமா.”

“குளிசை ஒண்டும் இல்லை. என்ர மருமகள் கிறேஸ் பூசிவிடுற மருந்து மட்டும்தான். அதாலதான் நடக்கிறன் எண்டு வடிவாச் சொல்லு, பிள்ளை.”

நான் வைத்தியரிடம், இல்லை என்று மட்டும் சொன்னேன். மாமா என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் போட்டார்கள். களிம்பு நின்றதால் வலி திரும்பிவிட்டது. டனிஸ்ரன் கோப்பி வாங்கப் போன நேரம், போர்வைக்கு வெளியே காலை நீட்டினார்.

“கொஞ்சம் பூசிவிடு, பிள்ளை. ஏலாமக் கிடக்கு.”

போத்தல் என் கைப்பையில் இருந்தது. பூசினேன். மறுநாளும் கேட்டார், பூசினேன். அப்படிக் கேட்கும் ஒருவருக்கு இல்லையென்று சொல்ல உங்களால் முடியுமா என்று தெரியவில்லை. அதற்கடுத்த நாள் அவர் கேட்கவில்லை, கண்ணே திறக்கவில்லை. நானே போர்வையை விலக்கினேன்.

விடியும்போது இறந்துவிட்டார். டனிஸ்ரன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பாவுக்கு என்ன நடந்தது என்று என்னிடம்தான் கேட்டார்.

கடைசி நேரத்தில் மாமாவுக்கு முழங்கால் வலி இருக்கவில்லை. அதைச் செய்தது நான்தான்.