வில்லங்கம் இல்லாத வீடு

காபி கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்கிறது, ஷெரிப். ஆனாலும் சூடாக இருக்கிறது, நன்றி. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

என் கணவர் வெய்னோ போனபிறகு ஸ்கூல் பஸ் ஓட்டித்தான் அந்த ஏரிக்கரை வீட்டை ரெய்னோ சாரியிடம் வாங்கினேன். கூடவே டைட்டில் இன்சூரன்ஸும் எடுத்தேன். பத்திரத்தில் பின்னால் வில்லங்கம் கிளம்பினால் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். நான் எதிலும் முன்ஜாக்கிரதைக்காரி.

ரெய்னோ செத்தபிறகு வில்லங்கம் அவன் அக்கா உருவத்தில் வந்தது. லெம்பி என்று பெயர், அரிசோனாவில் இருந்தாள். வீட்டில் பாதி தன்னுடையது, விற்ற பத்திரத்தில் தன் பெயரில் இருப்பது தம்பி போட்ட கள்ளக் கையெழுத்து என்று வக்கீல் மூலம் எழுதியிருந்தாள். அன்றே பாலிசி, பத்திர நகல் எல்லாவற்றையும் கம்பெனிக்கு அனுப்பி கிளெய்ம் போட்டேன். கம்பெனி வக்கீல் கிரெட்சன் கூப்பிட்டாள்.

"கவலப்படாதீங்க எல்மா. கோர்ட்டுக்குப் போனா உங்களுக்காக நாங்க வாதாடுவோம். இல்லன்னா அவங்க பங்குக்கு நாங்களே குடுத்து முடிச்சிடுவோம். உங்கள யாரும் வீட்டவிட்டுக் கிளப்ப முடியாது."

போனை வைத்தபிறகு அந்தக் 'கிளப்ப' என்ற சொல் மட்டும்தான் காதில் நின்றது. அதற்குப் பிறகு சாலையில் கார் சத்தம் கேட்டாலே கதவுக்குப் பின்னால் போய் நிற்பேன். பஸ்ஸில் பிள்ளைகள் சிரித்தால்கூட என்னைத்தான் என்று தோன்றும்.

முதல் பனி விழுந்ததும் லெம்பியே வந்தாள். குட்டையான, பருத்த பெண். கையில் ஏலக்காய் ரொட்டி.

"நான்தான் லெம்பி. கடிக்க மாட்டேன், கதவத் தொற."

உள்ளே வந்து, நிலைக்கதவைச் சொந்த மாட்டைத் தட்டுவதுபோல் தட்டிக்கொடுத்தாள். அப்போதே என் மனம் முடிவுக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"மூஞ்ச ஏன்டி அப்படி வச்சிருக்க? வீட்டச் சுருட்டிப் பையில போட்டுக்கிட்டா போகப் போறேன்? அம்மாவோட சௌனாவுல ஒரு தடவ வேர்த்துக் குளிக்கணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

ஏரியோரச் சௌனாவில், அந்த வெந்நீராவிக் குளியலறையில், நானே அடுப்பு மூட்டினேன். கற்கள் நன்றாகக் காய்ந்தன. மிச்சிகனின் இந்த வடகோடியில் விருந்தாளியைத் தனியாகக் குளிக்க விடுவது வழக்கமில்லை, அதனால் கூட வராததற்கு முதுகுவலி என்று காரணம் சொன்னேன். "கெழவி மாதிரி மொனகாத" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

கதவு வெளிப்பக்கம் திறப்பது. பனி தள்ளும் மண்வெட்டியை அதற்கு முட்டுக் கொடுத்தேன். அடுப்பின் வாய் வெளியறையில் இருக்கிறது. விறகு வைத்தேன். மறுபடியும் வைத்தேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. "எல்மா, கதவு சிக்கிக்கிச்சு பாரு." பிறகு தட்டினாள். "கையெழுத்து போட்டாச்சுடி! நேத்தே உன் வக்கீலம்மாகிட்டப் போட்டுட்டேன். வீடு உனக்குத்தான். தொறடி." உயிர்ப்பயத்தில் மனிதர்கள் எதையும் சொல்வார்கள். பயத்தை நான் அறிவேன். உள்ளே இருந்தவளைவிட வெளியே உட்கார்ந்திருந்த எனக்குத்தான் பயம் அதிகம். அதை யாரும் பார்க்கவில்லை.

சத்தம் அடங்கியபின் மண்வெட்டியைத் துடைத்து ஆணியில் மாட்டினேன்.

காலையில் கிரெட்சன் கூப்பிட்டாள். "நல்ல சேதி. லெம்பி அம்மா இங்க வந்து விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து போட்டுட்டாங்க. தங்கமான மனுஷி, ஒரு தகராறும் பண்ணல. உங்க கிளெய்ம் முடிஞ்சுது." நான் நன்றி சொன்னேன். பிறகுதான் உங்களைக் கூப்பிட்டேன். விபத்து என்றுதான் முதலில் சொன்னேன். கதவில் மண்வெட்டி அழுத்திய வடுவை நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

ஆமாம், லெம்பி சாரியைக் கொன்றது நான்தான். ஆனால் ஆசையால் செய்தேன் என்று எழுதாதீர்கள், பயத்தால் என்று எழுதுங்கள்.

இன்னொன்று, ஷெரிப். உங்கள் ஆட்கள் வீட்டைப் பூட்டினார்களா? ஆளில்லை என்று தெரிந்தால் யாராவது வந்து உட்கார்ந்துகொள்வார்கள். இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடிவதில்லை.