நாப்பது நாளா காத்தே இல்ல

இல்லண்ணே, நீங்க அசையாதீங்க, சன்னலை நான் சாத்துறேன். பாத்தீங்களா, மணி மூணேகால் ஆச்சோ இல்லையோ, டாண்ணு வந்துடுச்சு காத்து. பதினோரு நாளா இதே கதைதான். காலையில வெயில் மண்டையைப் பொளக்குது, சோத்துல கை வைக்கிறப்ப மேக்க மூட்டம் கட்டுது, மூணு மணிக்கு இடி இடிக்குது. ஷிப்டுக்கு வர்ற ஆளு மாதிரி நேரம் தவறுறதில்ல. போன மாசம் பூரா ஒரு இலை ஆடலையே, அப்ப எங்க போய்ப் படுத்துக் கிடந்துச்சாம்?

அண்ணி எங்க? மாத்திரை வாங்கவா? சரி சரி, வரட்டும். ஆரஞ்சு இங்க வைக்கிறேன். தினமும் எதுக்கு வாங்கிட்டு வர்றேன்னா? இருக்கட்டும்ணே. வாசல்ல காவலுக்கு உக்காந்திருந்த மனுசனை இப்படிக் கட்டில்ல போட்டுட்டோம், ஆரஞ்சு ஒரு கேடா.

மாப்பிள்ளைதானே? எங்க போவான், வீட்லதான் கிடக்கான். வேலை போச்சு, தினமும் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வரான். என் தங்கச்சி மூஞ்சியைப் பாக்க முடியல. திட்டுங்கண்ணே, நல்லா திட்டுங்க. முழங்காலுக்குக் கீழ ஒண்ணுமில்லாம ஆக்கிட்டா, திட்டாம கொஞ்சவா செய்வாங்க.

ஆனா ஒண்ணுண்ணே, அந்தக் கிரேன் மேல உக்காந்து பாத்தாத்தான் தெரியும். எட்டு வருசமா நானும் ஏறுறேனே. காலையில நான், ரெண்டு மணிக்கு மேல மாப்பிள்ளை. இந்தக் கோடை மாதிரி ஒரு கோடை நான் பாத்ததில்ல. மேல அந்த ரூம் இருக்கே, அது ரூமா, அடுப்புல வச்ச இரும்புப் பெட்டி. ஈரத்துணி சுத்தாம கம்பியைத் தொட முடியாது. கிரேன் கை நுனியில ஒரு சிவப்புத் துணி கட்டியிருப்போம்ல, காத்து எந்தப் பக்கம்னு பாக்க? நாப்பது நாளும் செத்த பாம்பு மாதிரி தொங்கிக்கிட்டே கிடந்துச்சு.

ஆமா, அதான் சட்டம். எறங்குறதுக்கு முன்னாடி கிரேன் கையோட பிரேக்கை எடுத்து விட்டுடணும். சும்மா விட்டா காத்து தள்ளுற பக்கம் அது தன்னால திரும்பிக்கும், ஒண்ணும் ஆகாது. பூட்டி வச்சாத்தான் காத்தோட முட்டிக்கிட்டு நின்னு ஒடியும். இது எங்களுக்குப் பால பாடம். உங்களுக்கே தெரிஞ்சிருக்கு பாருங்க. ஆனா நாப்பது நாளா காத்தே இல்லையேண்ணே. எடுத்தா என்ன, எடுக்காட்டி என்னன்னு ஒரு அசட்டை. மாப்பிள்ளையும் எடுக்கல, நானும் எடுக்கல. கேட்பாரும் இல்ல.

அன்னிக்கு மட்டும் வானம் வேற மாதிரி இருந்துச்சு. ரெண்டரை வரைக்கும் புழுக்கம், மூச்சு விட்டாலே வேர்க்குது. தூரத்துல மேக்கால ஒரு பழுப்புச் சுவர் எந்திரிச்சு வருது, என்னடா இதுன்னு பாத்தா தூசி. அந்தச் சிவப்புத் துணி மெல்லத் தலையைத் தூக்குச்சு. அடுத்த நிமிசம் விறைச்சுக்கிட்டு நிக்குது. மேஸ்திரி கீழேர்ந்து எறங்கு எறங்குன்னு கத்துறாரு. மேல இருந்தவன் மூஞ்சியில துண்டைக் கட்டிக்கிட்டு ஏணியில எறங்கிட்டான். பாதி தூரம் வந்தப்பதான் பொறி தட்டுச்சு, அய்யய்யோ பிரேக்கு! ஏறிப் போகணும்னா இன்னும் நூறு படி. மின்னல் வேற கண்ணு முன்னாடி வெட்டுது. கம்பி கையில நடுங்குது. ஒரு படி மேல கால் வச்சான். மறுபடி எறக்கிட்டான். அஞ்சு நிமிசக் காத்துதானே, அடங்கிடும்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டான்.

என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க?

எனக்கெப்படித் தெரியும்னா... மாப்பிள்ளை சொல்லலண்ணே. அவன் யாருகிட்டயும் வாயே திறக்கல.

நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசர் வர்றாருல்ல, உங்ககிட்ட வாக்குமூலம் எழுத? அதுக்குள்ள சொல்லிடணும்னுதான் நாலு நாளா வந்து வந்து மழை வெயில்னு பேசிட்டுப் போறேன். அன்னிக்கு ரெண்டு மணிக்கு மாப்பிள்ளை வந்தான், ரிஜிஸ்டர்ல கையெழுத்தும் போட்டான். அதுக்குள்ள பள்ளிக்கூடத்துலேர்ந்து போன், அவன் பொண்ணு மாடிப்படியில விழுந்து மண்டை உடைஞ்சிடுச்சுன்னு. நீ ஓடுடா, நான் பாத்துக்கிறேன்னு நான்தான் அனுப்பினேன். மேஸ்திரிகிட்ட சொல்லல. அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு நானே ஏறிட்டேன்.

ஏணியில நின்னது நான்தாண்ணே.

நீங்க கேட்டீங்க. ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போகக் கிளம்பினவரு, கேட்டுகிட்ட நின்னு, பிரேக்கை எடுத்துட்டியாப்பான்னு கத்திக் கேட்டீங்க. இல்லன்னு தலையாட்டியிருந்தா நீங்க கடைக்குப் போயிருப்பீங்க. நான் கையை ஆட்டினேன். எடுத்தாச்சு, எடுத்தாச்சுன்னு ஆட்டினேன். நீங்க அதை நம்பித்தான் தகரக் கொட்டாய்க்குள்ள போய் உக்காந்தீங்க. கிரேன் கை ஒடிஞ்சு நேரா அந்தக் கொட்டாய் மேலதான் விழுந்துச்சு.

மறுநாள் மாப்பிள்ளை சொன்னான், மச்சான், என் புள்ளைக்காக ஏறினவன் நீ, கையெழுத்து என்னோடது, நானே பாத்துக்கிறேன், நீ பேசாம இருன்னு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க. நானும் சரின்னுட்டேன். வேணாம்டான்னு ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லல. வீட்டுக்குப் போய் நல்லா தூங்கினேண்ணே. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன். பயத்துல எறங்கினதைக்கூட மன்னிச்சுக்கலாம், அந்தத் தூக்கத்தை நினைச்சாத்தான் என் மேலயே எனக்கு அருவருப்பா இருக்கு.

நாளைக்கு நானே வந்து ஆபீசர்கிட்ட சொல்லிடுவேன். ஆனா மாப்பிள்ளையைக் காப்பாத்தப் பொய் சொல்றான்னு அவர் நினைச்சாலும் நினைப்பாரு. அப்ப நீங்க கேட்டதை, நான் கை ஆட்டினதை நீங்கதான் சொல்லணும். நம்ம ரெண்டு பேரைத் தவிர அது யாருக்கும் தெரியாது, ஏணியில நின்னது நான்தான்னு காட்ட அது ஒண்ணுதான் இருக்கு.

மூஞ்சியைத் திருப்பிக்காதீங்கண்ணே. ஆரஞ்சைத் தூக்கி எறிங்க, அடிங்க, வாங்கிக்கிறேன்.

செருப்புச் சத்தம் கேக்குது. அண்ணிதான் வர்றாங்க. நேத்துப் போறப்ப என் கையைப் புடிச்சுக்கிட்டு, கூடப் பொறந்தவன்கூட இப்படி வர மாட்டான்னு அழுதாங்க. இதை அவங்ககிட்ட நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?