ஒற்றைக் குதிரைப் பிரிவு

கடற்கரை மணலில் ஆறு குதிரைக்கு மேல் ஒன்றாக ஓடவிடக் கூடாது, ஐயா. விட்டால் தோணியில் மோதும், வலையில் கால் சிக்கும். பெருநாள் குதிரை ஓட்டத்தைப் பிரிவு பிரிவாக நடத்த வேண்டும் என்று சங்கச் செயலாளராகிய நான் விதி எழுதியது அதனால்தான். இந்த ஜவுபர் நியாயமான ஆள் என்று கல்முனையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பன்னிரண்டு வண்டிக் குதிரைகள் வந்தன. இரண்டு பிரிவு. முதலாவதுக்கு ஐந்து புள்ளி, இரண்டாவதுக்கு மூன்று, மூன்றாவதுக்கு ஒன்று. இரண்டு சுற்று முடிந்ததும் புள்ளி கூடிய நாலு குதிரை இறுதி ஓட்டத்துக்குப் போகும்.

என் குதிரை முதல் சுற்றில் கடைசி. கால் மோசமில்லை, கூட்டம் அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே இரண்டாம் சுற்றை மூன்று பிரிவாக்கினேன். மூன்றாவது பிரிவில் என் குதிரை மட்டும்.

என் மனைவியின் தம்பி அபுல் ஹஸன்தான் கேட்டார்: "என்ன மச்சான், ஒத்தக் குதிரைக்கு ஒரு பிரிவா?"

"பாதுகாப்புக்குத்தான் மச்சான்."

தனியே ஓடிய குதிரை பாதி வழியில் நின்று, காயப்போட்டிருந்த கருவாட்டை முகர்ந்தது. அதற்குள் றஹீமா ராத்தாவின் கிடாய் எங்கிருந்தோ ஓடிவந்து எல்லைக் கயிற்றைத் தாண்டிவிட்டது. சனம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கிடாய்க்கு ஐந்து புள்ளி போட்டேன், என் குதிரைக்கு மூன்று.

மொத்தத்தில் என் குதிரை ஆறாம் இடம். கிடாய் நாலாம் இடம். மறுநாள் இறுதி ஓட்டத்துக்குக் கிடாயைக் கூட்டிவரச் சொல்லி நானே போய் அறிவித்தேன்.

"ஏலாது தம்பி, நாளைக்குக் காலைல அத அறுத்துக் குர்பான் குடுக்கோணும்" என்றார் ராத்தா.

ஒரு இடம் முன்னேறினோம். இன்னும் ஒன்றுதான் தேவை.

மறுநாள், இறுதி ஓட்டத்துக்குத் தெரிவாகியிருந்த மச்சானின் குதிரைக்கு முழங்காலில் சின்ன வீக்கம். கரையில் என் மீன் வாடிக் கொட்டகையில் ஐஸ் அறை இருக்கிறது. "உள்ளுக்கு நல்ல ஐஸ் கட்டி இரிக்கி, எடுத்து வைங்க மச்சான்" என்றேன். "அல்லாஹ் உங்களுக்கு நல்லது தரட்டும்" என்றுவிட்டு உள்ளே போனார். குளிர் வெளியேறக் கூடாதல்லவா, கதவைச் சாத்திக் குறுக்குச் சட்டத்தைப் போட்டேன்.

ஓட்டம் தொடங்குமுன் அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டேன், ஒலிபெருக்கியில். வராத ஆளின் குதிரை நீங்கும், அதுவும் விதி. என் குதிரை உள்ளே வந்தது. நாலு குதிரையில் நாலாவதாக ஓடி முடித்தது.

ஓட்டம் முடிந்ததும் ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். ஆட்சேபனை சொல்ல மறுநாள் பின்னேரம் அசர் தொழுகை வரை அவகாசம் உண்டு, ஐயா. அதற்குள் அவர் வெளியே வந்தால் முடிவு குழம்பும். உள்ளே தட்டிய சத்தம் எனக்குக் கேட்டது, இல்லையென்று சொல்லவில்லை. பொழுதுபட்டு மஃரிப் தொழுகை வரையும் கேட்டது. ஆனால் தட்டுவது ஆட்சேபனை ஆகாது. சங்கத் தலைவர் முன் நேரில் வந்து சொல்ல வேண்டும்.

மறுநாள் அசர் தொழுதுவிட்டுத்தான் திறந்தேன். மனைவி நாச்சியா அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. தம்பி போன கவலை, விளங்குகிறது. ஆனால் ஐயா, போட்டி ஒழுங்காக நடந்தது. மச்சானிடமிருந்து ஒரு ஆட்சேபனையும் வரவில்லை.